விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு

பெரம்பலூர்ல குடிபோன வீட்டுக்குக் கம்மி விலையில ஒரு 'பழைய பணக்காரக் களை' வேணும்னு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். வரிசையா பழம்பொருள் கடைகள். விளிம்பு உதிர்ந்த நீலப்பூ எனாமல் தட்டு ஒண்ணைப் பேரம் பேசி வாங்கினேன். "உடைஞ்ச தட்டுக்குக் காசு வேறயா?"ன்னாங்க அரியலூர்ச் சித்தி.

ஐரோப்பாவுல எனாமல் சாதாரண அடுக்களைச் சாமான். இரும்புத் தகட்டுமேல கண்ணாடிப் பூச்சு, அவ்வளவுதான். ஸ்வீடன்லேருந்தும் ஜப்பான்லேருந்தும் வந்த அதே சரக்கு, செட்டிநாட்டுல பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்வரிசையா உயர்ந்துடுச்சு.

அதுக்குப் பின்னாடி இருந்தது பர்மாப் பணம். 1930-களின் பெருமந்தத்துல கடன் கட்ட முடியாத விவசாயிகளோட நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. 1938 வாக்கில கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல ஏறக்குறைய கால்வாசி நிலம் அவங்களோடது. 1942-ல ஜப்பான் படை நுழைஞ்சுது; 1960-களில் தேசியமயம். வருமானம் போச்சு, வீடு மட்டும் நின்னுது. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினாங்க, ஓடு மாத்த யாரும் முன்வரல. சில வீடுகளை இடிச்சு தேக்குத் தூண், கதவு, நிலைன்னு பிரிச்சு வித்தாங்க. நமக்குக் கிடைக்கிற 'மலிவு' அங்கேருந்துதான் வருது.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறதில்ல. ஆனா தூண் வாங்க மனசு வரல. மரவேலைக்கு நம்ம மாவட்டத்துலயே, பச்சைமலை பக்கம், அரும்பாவூர் இருக்கு. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர். சின்னப் பிள்ளையார் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். பேரம் பேசல.