யூத மழலையர் கல்வி

யூத மழலையர் பள்ளிகள் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வகுத்துள்ள கற்றல் நோக்கங்களை எழுத்தும் மறையும், எபிரேய மொழி, பண்டிகையும் ஒழுக்கமும் என மூன்றாகப் பகுக்கலாம். இவற்றுள் முதலாவது மிகப் பழையது.

குழந்தைக்குப் பேச வந்ததும் மறைநூலான தோராவின் வசனம் ஒன்றையும் ‘ஷெமா’ மன்றாட்டின் முதலடியையும் தந்தை சொல்லித்தர வேண்டும் என்கிறது ரபிமாரின் சட்டநூலான தல்மூத். தந்தையற்ற பிள்ளைகள் கல்லாமல் போவதைக் கண்டு, கி.பி. முதல் நூற்றாண்டில் தலைமைக் குருவாயிருந்த யோசுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு, ஏழு வயதினரைச் சேர்க்கச் செய்தார் என்று அந்நூல் அவரைப் போற்றுகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 பேரானால் ஓர் உதவியாளர், 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள் என்ற வரையறையும் அதிலேயே உண்டு. இன்றும் பல நாட்டு வகுப்பறைகளுக்கு எட்டாத அளவு இது. மறைநூல் வாசிப்புக்குத் தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னா ஐந்து வயதைக் குறிக்க, ஆறு நிரம்பாதவனைச் சேர்க்காதே என்று ரபி ஒருவர் ஆசிரியருக்குக் கூறியதைத் தல்மூத் பதிவு செய்கிறது. ஐந்து வீட்டுக்கும் ஆறு பள்ளிக்கும் உரியது எனக் கொள்ளலாம்.

இடைக்கால ஜெர்மனியிலும் வட பிரான்சிலும் எழுத்தறிவித்தல் ஒரு சடங்காகவே வளர்ந்தது. தோரா அருளப்பட்டதை நினைவுகூரும் ஷவுவோத் பண்டிகையன்று சிறுவனைப் போர்வையால் மூடி ஆசிரியரிடம் தூக்கிச் செல்வார்கள். எழுத்துகளை முன்னும் பின்னுமாக எழுதிய பலகையில் தேன் தடவி, அவனை நக்கச் செய்வார்கள். வசனம் எழுதிய தேன் பணியாரமும் அவித்த முட்டையும் ஊட்டப்படும். பிறகு தொடங்குவது ஆதியாகமம் அன்று, பலிமுறைகளைக் கூறும் லேவியராகமம். தூய பலிகளைத் தூய குழந்தைகளே கற்கட்டும் என்பது அதற்குப் பழைய ரபிமார் தந்த விளக்கம். கிழக்கு ஐரோப்பாவின் ‘ஹேதர்’ என்னும் திண்ணைப் பள்ளியும் இவ்வரிசையையே பின்பற்றியது. பெரும்பாலும் ஆசிரியர் வீட்டின் ஓர் அறையே பள்ளி. எழுத்து, எழுத்துக் கூட்டல், மன்றாட்டு நூல், மறைநூல் எனப் பாடம் ஏறும். விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. பெண் குழந்தைகள் பெரும்பாலும் வீட்டோடு நின்றனர்.

இரண்டாம் நோக்கமான எபிரேய மொழி விளையாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. அந்த விளையாட்டு முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. கல்வியாளர் பிரெடரிக் புரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1898இல் அன்றைய பாலஸ்தீனத்தின் ரிஷோன் லெசியோனில் முதல் எபிரேய மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. 1903இல் ஜெர்மன் யூதர்களின் எஸ்ரா கழகம் எருசலேமில் ஒன்றை நிறுவியது. அன்று எபிரேயத்தில் குழந்தைப் பாட்டு அரிது. அன்றாடப் பொருள்கள் பலவற்றுக்குக்கூடப் புழங்கிய சொல் இல்லை. ஆசிரியைகளே சொற்களைத் தேடியும் ஆக்கியும் பாடவைத்தனர். எழுத்தாளர் லெவின் கிப்னிஸ் இப்பள்ளிகளுக்கென நூற்றுக்கணக்கான பாடல்களும் கதைகளும் எழுதினார். மாலையில் வீடு திரும்பிய குழந்தைகள் இத்திஷ் பேசும் தாய்மாருக்கு எபிரேயம் கற்பித்தனர். எபிரேயம் மீண்டும் பேச்சுமொழியானதற்கு அகராதி தொகுத்த பென் யெகுதாவோடு இவ்வாசிரியைகளும் காரணம்.

மூன்றாம் நோக்கமான பண்டிகைக்கும் ஒழுக்கத்துக்கும் மையம், ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை. குழந்தைகளில் இருவர் ஓய்வுநாளின் ‘அம்மா’வாகவும் ‘அப்பா’வாகவும் மேசையருகே நிற்பர், மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு, பின்னிய ஹல்லா ரொட்டி வைக்கப்படும், உண்டியலில் காசு விழும். சிற்றுண்டிக்கு முன் சொல்லும் ஆசிமொழிகளில் பகுப்பறிவும் பயிற்றப்படுகிறது. ஆப்பிளுக்கு மரத்தின் கனிக்குரிய ஆசி, கேரட்டுக்கு மண்ணின் விளைவுக்குரிய ஆசி. வாழை ஆண்டுகள் கடந்து நிற்கும் மரமன்று என்பதால் அதன் பழம் மண்ணின் பக்கம் சேரும். எது எந்தப் பக்கம் என்று நான்கு வயதுப் பிள்ளைகள் வாதிடுவது இவ்வகுப்புகளின் இன்பமான பகுதி.

இஸ்ரேலில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயதிலிருந்து கல்வியைக் கட்டாயமாக்கியது. 1984இல் மூன்று வயதுவரை நீட்டிய திருத்தம் 2012 முதலே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அங்கே அரசு, அரசு-சமயம், கடும் பழமைவாதிகளான ஹரேதி எனப் பள்ளிகள் பிரிந்துள்ளன. வட அமெரிக்காவில் தொழுகைக்கூடங்களும் சமூக மையங்களும் யூத மழலையர் பள்ளிகளை நடத்துகின்றன. சிலவற்றில் குழந்தையின் ஆர்வத்தை மையமாகக் கொண்ட, இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா முறை பின்பற்றப்படுகிறது, பிற சமயக் குழந்தைகளும் சேர்க்கப்படுகின்றனர்.