ஊசி எழுதிய தமிழ்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இல் வந்தது. இங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு காரின் உடலிலும் 17 குறிகள் கொண்ட சேஸிஸ் எண் உண்டு. வாகனத் தொழிலில் அதைப் பொறிக்கும் முறைகளில் ஒன்று, கெட்டியான ஊசிமுனை இரும்பில் குத்திக் குத்திப் புள்ளிகளாலேயே எழுத்தைக் கட்டுவது. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் அவை குழம்பிவிடும்.

ஊசியால் எழுதும் இந்தத் தொழில்நுட்பத்தைத் தமிழ்நாடு இரும்பில் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே தோலில் பார்த்துவிட்டது.

இந்தக் கார் ஆலைகளுக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவர் வழிவந்த வைணவர்கள் சமாச்ரயணம் என்னும் தீட்சையின்போது வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூடாகப் பொறித்துக்கொள்கிறார்கள். அது குருவின் கையால் நடப்பது. பச்சை குத்துவதோ குறவர் பெண்களின் கைத்தொழில். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் செய்முறையைப் பதிவுசெய்தார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்து மெல்லிய துணியில் பூசி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுப் பானையில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். கோலமும் தேளும் மீனும் குத்திய கைகள் பெயர்களையும் குத்தின. எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்ன 1970களில் இது அரசியல் விவாதமாகவே ஆனது.

எழுத்து எந்தக் கருவியால் பிறக்கிறதோ அதன் குணத்தைப் பெறும். ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனால் ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இராது. தோலில் நேர்மாறு: கோடு முழுவதுமே புள்ளிகளின் வரிசைதான். காலம் போகப்போகத் தோலுக்கடியில் மை பரவும். கோடு தடிக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபடும், மெய்யின் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துரு செய்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மை பரவும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, மூலைகளில் வெட்டு விட்டு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் வரைந்த பெல் சென்டென்னியல் எழுத்துரு, மலிவுத் தாளில் அச்சான அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகத்துக்காக 1978இல் வெளிவந்தது.

அதே 1978இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ‘அண்ணாமலை’ என்ற ஒரே பெயரில் மாறிய வடிவங்கள் இரண்டு: சுழித்து எழுதிய ‘ணா’, துதிக்கை வைத்த ‘லை’. பாடநூலும் செய்தித்தாளும் புதிய வடிவத்துக்கு மாறின. குத்திய பச்சையை யாரால் மாற்ற முடியும்? சீர்திருத்தத்துக்கு முன் பதினைந்து வயதில் பெயர் குத்திக்கொண்டவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அந்த வடிவங்களை ஒரு கைத்தொழில் எப்படி எழுதியது என்பதற்கான சான்று அவர்களோடு போய்விடும்.

இன்றைய பச்சைக் கடைகளில் ஓட்டம் தலைகீழ். கணினி எழுத்துருவில் பெயரை அடித்து, படியெடுத்து, தோலில் ஒட்டி, அதன்மேல் இயந்திர ஊசியை ஓட்டுகிறார்கள். தோலிலிருந்து எழுத்துருவுக்குப் போகும் வழியும் உண்டு. வடிவமைப்பாளர் இஷான் கோஸ்லாவின் டைப்கிராஃப்ட் முயற்சி, சத்தீஸ்கர் பெண்களின் கோத்னா பச்சை வடிவங்களைக் கொண்டு, அவர்களோடு சேர்ந்தே ஓர் எழுத்துருவை உருவாக்கியது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளுக்கானது. தமிழுக்கு அந்த வேலை செய்யத் தகுந்தது. செய்பவர்கள் குறவர் பெண்களின் பெயரையும் பங்கையும் விட்டுவிடக் கூடாது.

எழுத்துரு வரைவது நிபுணர் வேலை. சான்று சேர்ப்பது எல்லோராலும் முடியும். உங்கள் வீட்டுப் பாட்டியின் கையில் பெயர் குத்தியிருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு வாக்கில், யார் குத்தியது என்பதையும் எழுதிவையுங்கள்.