பாட்டில் வரும் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா?



நம் பிள்ளைகளின் வாயில் இப்போது ராப் பாட்டுத்தான். ரியூஷனுக்குப் போகும் சைக்கிளிலும் அதுதான், கடற்கரையிலும் அதுதான். "நிப்பாட்டு" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவது நமக்கு லேசு. ஆனால் அந்தப் பாட்டுகள் பெண்களைப் பற்றி என்ன சொல்கின்றன, அது எப்படி வந்தது என்று நாம் பிள்ளைகளோடு பேசுவதில்லை. இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை உலமாக்களிடம் விட்டுவிட்டு, இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஹிப் ஹொப்பின் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் நடந்த விருந்து அது. இசைத்தட்டுச் சுழற்றிய கூல் ஹேர்க்கின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த விருந்தை ஒழுங்கு செய்தவர் அவருடைய தங்கை சின்டி கெம்பல். புதிய தவணைக்குப் பாடசாலை உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதே அவரது நோக்கம். ஆக, தொடக்கத்திலேயே ஒரு பெண் பிள்ளை இருந்தாள்.

1984இல் யூ.ரி.எஃப்.ஓ. என்ற ஆண்கள் குழு, தங்களை மதிக்காத ரொக்ஸான் என்ற பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டது. அதே வருடம் 14 வயதுச் சிறுமி ஒருத்தி ரொக்ஸான் ஷான்டே என்ற பெயரில் அதற்குப் பதில் பாட்டுப் பாடினாள். சொல்லப்பட்டவள் திருப்பிச் சொன்னாள். பெரிய கம்பனிகளும் தொலைக்காட்சி வீடியோக்களும் இந்த இசையைப் பிடித்த பிறகு, பெண் பாடகிகள் இல்லாமல் போகவில்லை. ஆனால் அதிகம் விற்ற வீடியோக்கள் பலவற்றில் பெண் வாய் திறக்காத அலங்காரப் பொருளானாள். நெலி என்ற பாடகரின் வீடியோ ஒன்றில் பெண்ணின் உடலில் கடனட்டையை இழுக்கும் காட்சி வந்தது. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக் கறுப்பின மாணவிகள், எங்கள் வளாகத்துக்கு வருவதென்றால் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வா என்றார்கள். அங்கே நடக்கவிருந்த அவரது நிகழ்ச்சி நடக்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' மூலம் தமிழ் ராப்புக்குப் பெரிய வழி திறந்தார்கள். சில வருடங்களில் ஹிப்ஹொப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியது. குடித்துவிட்டு ஆடும் பெண்ணைக் காட்டி, பண்பாடு கெட்டுப்போச்சு என்று ஓர் ஆண் புலம்பும் பாட்டு அது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் பெண். அவள் பக்கக் கதை அதில் இல்லை.

நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பெண்ணை அரைகுறை உடுப்பில் ஆடவிடும் பாட்டைக் கண்டால் நமக்கு உடனே கோபம் வரும். பெண்ணை ஒழுக்கத்தின் பெயரால் ஏசும் பாட்டைக் கேட்டால் "உண்மையைத்தானே சொல்றான்" என்று தலையாட்டுகிறோம். இரண்டிலும் அவளுக்கு வாய் இல்லை. சூரா அந்நூரின் 30ஆவது வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்குத்தான் சொல்கிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. நம் கண்டிப்பில் அந்த முதல் வசனம் எங்கே போனது? ரோட்டில் போகும் பிள்ளையைப் பார்த்து ஒருவன் இப்படிப்பட்ட வரியைப் படித்தால், மாலை வகுப்பிலிருந்து நிறுத்தப்படுபவள் அவள்தான். படித்தவன் அதே சந்தியில் அடுத்த நாளும் நிற்பான்.

இதே இசையால் வேறு வேலையும் செய்ய முடியும். சென்னையைச் சேர்ந்த, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சோபியா அஷ்ரப், 2015இல் கொடைக்கானல் பாதரசத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஒரு ராப் பாடினார். அவர் எடுத்துக்கொண்ட மெட்டு, பெண்ணுடலைக் காட்டியே பிரபலமான ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டு. பல வருடங்களாகப் போராடிய அந்தத் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016 மார்ச்சில் கம்பனி உடன்பாட்டுக்கு வந்தது. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை நடுவில் வைத்தார். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, காணி நிலம் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

நமக்கும் இது புதிதல்ல. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைப் பாருங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அலைந்து திரிந்து சேகரித்தவை அவை. அங்கே மச்சான் ஒரு கவி சொன்னால் மச்சி மறு கவி சொல்வாள். ஆசையைச் சொல்வாள், ஏமாற்றியவனைக் கேள்வி கேட்பாள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாத நம் மூத்தம்மாக்களுக்கு இருந்த அந்தப் பதில் கவி, ஓஎல், ஏஎல் படிக்கும் நம் பேத்திகளுக்கு ஏன் இல்லாமல் போக வேண்டும்?

பெற்றோரே, சக ஆசிரியர்களே, போனைப் பறிப்பதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்போம்: "இந்தப் பாட்டில் வரும் பெண் ஏதாவது பேசுகிறாளா? பேசினால் என்ன சொல்வாள்?" ஆண் பிள்ளைகளிடம் முதலில் கேட்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல விளக்கத்தைத் தருவானாக.