பெரிய ஹாட்ரான் மோதுவிச் சுரங்கத்தில் அவசரகால நடவடிக்கையும் வெளியேற்றமும்

பெரிய ஹாட்ரான் மோதுவி, புரோட்டான் கற்றைகளை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரைவுபடுத்தி ஒன்றோடொன்று மோதவிடும் ஆய்வுக்கருவி ஆகும். 1954-இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு அமைப்பான செர்ன், ஜெனீவா நகருக்கு அருகே சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் எல்லைக்கு அடியில் இதனை இயக்கிவருகிறது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இதன் வட்டச் சுரங்கம் நிலத்தடியில் 50 முதல் 175 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. வட்டம் முழுவதிலும் தரைக்கு ஏறிவரும் வழியுள்ள இடங்களான முனையங்கள் எட்டு மட்டுமே உள்ளன. இரு முனையங்களுக்கு இடையே ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் தொலைவு இருப்பதால், நடுவில் பணிசெய்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சென்றாக வேண்டும். தொழில்நுட்பப் பணியாளர்கள் இங்கே மிதிவண்டியில் போய்வருவதும் இதனால்தான். தரைமேல் இருக்கும் ஆய்வகத்தில் அபாயச் சங்கு ஒலித்தவுடன் சில நிமிடங்களில் திறந்த வெளிக்கு வந்துவிட முடியும். இங்கே அது முடியாது என்பதே இச்சுரங்கத்தின் பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் அடிப்படை.

தீ, மின்சாரம், கதிரியக்கம் ஆகியவற்றால் வரும் ஆபத்துகள் இங்கும் உண்டு என்றாலும், இச்சுரங்கத்துக்கே உரிய ஆபத்து ஹீலியத்தால் வருவது. கற்றையை வளைத்துச் செலுத்தும் 1,232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் கொண்டவை, மீகடத்திகளால், அதாவது மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்களால், செய்யப்பட்டவை. அப்பண்பு நிலைக்க அவற்றைக் கழிய 271 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர்வித்து வைக்க வேண்டியிருப்பதால், சுமார் 120 டன் ஹீலியம் இந்த அமைப்பில் நிரப்பப்பட்டுள்ளது. ஒரு லிட்டர் நீர்ம ஹீலியம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 750 லிட்டர் வளியாக விரியக்கூடியது. எனவே சிறு கசிவும் குறுகிய சுரங்கத்தின் காற்றை, அதனுடன் ஆக்சிஜனையும், விரைவில் வெளியே தள்ளிவிடும்.

ஹீலியத்துக்கு நிறமில்லை, மணமில்லை, நச்சுத்தன்மையும் இல்லை. மனிதனுக்கு மூச்சுமுட்டும் உணர்வு ஏற்படுவது பெரும்பாலும் உடலில் கரியமில வாயு மிகுவதால்தான், ஆக்சிஜன் குறைவதால் அன்று. ஹீலியம் நிறைந்த காற்றைச் சுவாசிப்பவர் கரியமில வாயுவைத் தடையின்றி வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், தமக்கு ஏதோ நேர்கிறது என்று அறியாமலேயே தடுமாறி விழுகிறார். இயல்பாக 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நினைவு தப்பும். 6 விழுக்காட்டுக்கும் கீழே சென்றால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வந்துவிடும். விழுந்தவரைத் தூக்க ஓடிவருபவரும் அதே இடத்தில் விழுவது இவ்வகை விபத்துகளில் உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்படும் துயரம். ஆகவே தக்க சுவாசக் கருவி இன்றி யாரும் மீட்பில் இறங்கக் கூடாது என்ற விதி, இரக்கமற்றதாகத் தோன்றினாலும், உயிர்களைக் காப்பதற்கே வகுக்கப்பட்டது.

இத்தகைய சூழலில் முதல் பாதுகாப்பு, ஆபத்து எழக்கூடிய நேரத்தில் ஆட்களே உள்ளே இல்லாமல் பார்த்துக்கொள்வது. சுரங்கத்துக்குள் நுழைபவர் கண்ணின் கருவிழிப்படலத்தைக் காட்டித் தம்மை அடையாளப்படுத்திக்கொண்ட பிறகு, நுழைவாயிலில் உள்ள பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்துச் செல்கிறார். எடுக்கப்பட்ட சாவிகள் எல்லாம் தத்தம் துளைகளுக்குத் திரும்பும்வரை கற்றையைச் செலுத்த இயலாதபடி பூட்டமைப்பு தடுத்துவிடும். சட்டைப்பையில் கிடக்கும் அச்சிறு சாவி, அதை வைத்திருப்பவர் உள்ளே இருக்கும்வரை 27 கிலோமீட்டர் இயந்திரத்தையும் நிறுத்திவைக்கிறது. இதற்கு மேலும், இயந்திரத்தை மூடுவதற்கு முன் ஒரு குழு பகுதி பகுதியாக நடந்து, யாரும் தங்கிவிடவில்லை என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்கிறது.

இந்த ஒழுங்கின் மதிப்பு 2008 செப்டம்பர் 19 அன்று வெளிப்பட்டது. முதல் கற்றை சுற்றிவந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்த நிலையில், மூன்றாம் முனையத்துக்கும் நான்காம் முனையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் கற்றையின்றி நடந்த மின்னோட்டச் சோதனையின்போது, இரு காந்தங்களை இணைக்கும் மின்கடத்தியின் பழுதான இணைப்பு ஒன்று சூடேறியது. அங்கே எழுந்த மின்வில் ஹீலியக் கலத்தைத் துளைத்தது. நொடிக்கு 2 கிலோகிராம் வெளியேற்றத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்த அழுத்த விடுவிப்புத் துளைகளை நோக்கி, மதிப்பீட்டின்படி நொடிக்கு 20 கிலோகிராம் வரை ஹீலியம் பாய்ந்தது. ஏறி நின்ற அழுத்தம் பல டன் எடையுள்ள காந்தங்களைத் தாங்கிகளிலிருந்து பெயர்த்து நகர்த்தியது. மொத்தம் ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது, 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவர நேர்ந்தது, ஓராண்டுக்கு மேல் பணி தடைப்பட்டது. ஆனால் சோதனை நேரத்தில் அப்பகுதியில் எவரும் இருக்கக் கூடாது என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டிருந்ததால், ஒருவருக்கும் காயம்கூட ஏற்படவில்லை.

காந்தங்களில் மின்னோட்டம் இல்லாத பராமரிப்புக் காலத்திலும் குழாய்களில் ஹீலியம் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே செல்பவர் ஒவ்வொருவரும் தற்காப்புச் சுவாச முகமூடி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்கின்றனர். இது வெளிக்காற்றை வடிகட்டும் முகமூடி அன்று. வடிகட்டுவதற்கு ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வடிகட்டியால் பயனில்லை. இதனுள் உள்ள பொட்டாசியம் சூப்பராக்சைடு, அணிந்தவரின் வெளிமூச்சிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. பொதுவாக, நடந்து வெளியேறுபவருக்கு இது ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும். வினையால் உள்ளிழுக்கும் காற்று சூடாகும் என்பதை முன்பே அறியாதவர் பதறி முகமூடியைக் கழற்றிவிடக்கூடும். அதனால் அதைக் கையாளும் முறையை நேரடிப் பயிற்சியில் கற்றுத் தேறியவருக்கே நுழைவு அனுமதி வழங்கப்படுகிறது.

ஆக்சிஜன் குறைவதைச் சுவரில் பொருத்திய உணரிகள் கண்டறிந்தாலோ, ஒருவர் வெளியேற்றப் பொத்தானை அழுத்தினாலோ, சங்கு ஒலிக்கத் தொடங்கும். கேட்டவர் கருவிகளை அப்படியே விட்டுவிட்டு, தேவைப்பட்டால் முகமூடியை அணிந்துகொண்டு, கசிவுக்கு எதிர்த்திசையில் அருகிலுள்ள முனையத்தை நோக்கிச் செல்ல வேண்டும். குளிர்ந்த ஹீலியம் காற்றின் ஈரத்தை உறையச்செய்து அடர்ந்த வெண்பனியாகப் பரவுவதால் கண்பார்வை மறையும். ஹீலியம் காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டியே முதலில் சேர்கிறது என்பதால், குனிந்து செல்பவருக்குச் சுவாசிக்கத் தக்க காற்று கூடுதல் நேரம் கிடைக்கும்.

விபத்து நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்பது பொதுக் கட்டடங்களில் அனைவரும் கற்ற பாடம். இச்சுரங்கத்தில் அது தலைகீழாகிறது. மின்தூக்கிக் கூண்டு இறங்கும் பகுதி கான்கிரீட்டால் தனியே அடைக்கப்பட்டு, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே மிகுந்த காற்றழுத்தத்தில் வைக்கப்படுவதால், புகையும் ஹீலியமும் அதனுள் புகுவதில்லை. ஆகவே அதுவே புகலிடமும் வெளியேறும் வழியும் ஆகிறது. மேலே வந்தவர் குறித்த கூடுமிடத்தில் நின்று தம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். சுரங்கத்தில் இடையிடையே உள்ள சிவப்பு நிறத் தொலைபேசிகளின் ஒலிவாங்கியை எடுத்தாலே, எண் எதையும் அழுத்தாமல், செர்னின் சொந்தத் தீயணைப்புப் படையோடு இணைப்புக் கிடைக்கும். இரவு பகலாகப் பணியில் இருக்கும் இப்படை, தேவைப்பட்டால் இரு நாடுகளின் தீயணைப்புப் படைகளையும் துணைக்கு அழைக்கிறது.

2008 விபத்துக்குப் பின் அழுத்த விடுவிப்புத் துளைகள் பெரிதாக்கப்பட்டு அவற்றின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. 2009 நவம்பரில் கற்றை மீண்டும் சுற்றத் தொடங்கியது. காந்தங்களில் உயர் மின்னோட்டம் செலுத்தப்படும் வேளையில் ஆட்கள் விலகியிருக்க வேண்டிய எல்லை முன்பைவிட விரிவாக்கப்பட்டு, சோதிக்கப்படும் பகுதியோடு அதை ஒட்டிய இடங்களும் இன்று மூடப்படுகின்றன.