கை படாத காசு: நாணயத் தரநிர்ணயமும் கிழக்குக் கரையின் வரலாறும்

நாணயவியல் நம்மிடையே பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் துணைத்துறையாகவே பயிலப்பட்டு வந்துள்ளது. மன்னனின் பெயர், ஆட்சியாண்டு, இலச்சினை ஆகியவற்றை உறுதிப்படுத்தும் சான்றாகவே காசு கொள்ளப்பட்டது. இலங்கை நாணயங்கள் குறித்து எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகின்றது. ஆயின், அந்தக் காசைத் தட்டிப் பார்த்து, மடியில் முடிந்து, ஈற்றில் மகளின் கழுத்தில் அணிவித்த மக்களின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து இக்குறை மேலும் தெளிவாகின்றது.

காசு சேகரிப்போர் தம்மிடையே பகிர்ந்துகொள்ளும் நினைவுகளுள் ஒன்று, தாம் முதன்முதலில் தொழில்முறைத் தரநிர்ணயம் செய்வித்துப் பெற்ற காசைப் பற்றியது. எந்தக் காசை அனுப்பினோம், எவ்வளவு காலம் காத்திருந்தோம், எதிர்பார்த்த எண் கிடைத்ததா என்பனவே அந்நினைவின் கூறுகள். இது தனிமனித ஆர்வம் மட்டும் சார்ந்த செய்தியன்று. மனிதனுக்கும் காசுக்கும் இடையிலான உறவு மாறும் ஒரு கணத்தின் பதிவும் ஆகும். அம்மாற்றத்தின் சமூகப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

காசின் தரத்தைச் சோதித்தல் புதியதொரு வழக்கன்று. கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில், தூண்டில் முள் போல வளைக்கப்பட்ட வெள்ளிக்கம்பிக் காசொன்றை விவரிக்கின்றார். பாரசீகத்தின் லார் நகரப் பெயரால் லாரின் எனப்பட்ட நாணய வகையைச் சார்ந்தது இது. இந்துசமுத்திர வணிகத்தின் வழியே இவ்வகை நாணயம் இத்தீவை அடைந்தது. இதனை எவரும் செய்துகொள்ளலாம் என்பதும், நெருப்பிற் காய்ச்சி நீரில் இட்டபின் தூய வெண்ணிறமாய் இல்லாவிடின் அது செல்லாது என்பதும் நொக்ஸ் தரும் செய்திகள்.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. காசைச் சோதித்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களே. சோதனைக்கான கருவிகள் நெருப்பும் நீருமே. அவை எந்த அடுப்படியிலும் இருந்தன. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் சந்தையிலும் வீட்டிலும் பரவியிருந்தது.

ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆட்சிகளில் இந்நிலை மாறியது. நாணயத்தின் செல்லுமை அரசின் முத்திரையில் ஒடுங்கிற்று. ஒல்லாந்தக் கும்பனியின் செப்புக்காசு ‘துட்டு’ என்ற சொல்லை நமக்குத் தந்தது. பின்னர் 48 ஸ்ரைவர் கொண்ட இறைசால் வந்தது. 1825 இல் அதன் பெறுமதி ஒன்றரைச் சிலிங்காக வரையறுக்கப்பட்டது. 1872 சனவரி முதலாந் திகதி தொடக்கம் ரூபாவும் சதமும் முறையாயின. 1870 ஆம் ஆண்டு பொறித்த செப்புக்காசுகளில் மரமொன்றின் இருபுறமும் சிங்கள, தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றன. ஆட்சி மாறிய போதெல்லாம் பழங்காசு மறைந்தது. எனினும் மக்கள் அதன் பெயரை விடவில்லை. சிறு செப்புக்காசைக் குறித்த ‘சல்லி’, முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் பணம் முழுவதையும் குறிக்கும் சொல்லாக இன்றும் வாழ்கின்றது.

2

காசு கைமாறும்போது தேய்கின்றது. பெயரளவில் ஒரு பவுணாக இருக்கும் நாணயம் உண்மை எடையில் அதற்குக் குறைந்துவிடுகின்றது. இம்முரண்பாட்டைக் கார்ல் மார்க்ஸ் 1859 ஆம் ஆண்டு நூலிலும் ‘மூலதன’த்தின் முதற்பாகத்திலும் (1867) விரிவாக ஆராய்ந்தார். சுற்றோட்டமே பொற்காசைத் தன் சொந்தக் குறியீடாக மாற்றிவிடுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. 123.27 கிறெய்ன் எடையுடைய பிரித்தானியப் பவுண், 122.5 கிறெய்னுக்குக் குறைந்ததும் சட்டப்படி செல்லாததாயிற்று.

தொழில்முறைத் தரநிர்ணயம் இத்தேய்வையே வேறொரு நோக்கில் அளக்கின்றது. 1949 இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய பெருஞ் செப்புச் சதங்களுக்கென ஒன்று முதல் எழுபது வரையான அளவுகோலொன்றை வகுத்தார். இனங்காண மட்டும் இயலும் தேய்ந்த காசின் விலை ஒன்று எனின், குறையேதுமற்ற காசின் விலை எழுபது என்பதே அதன் அடிப்படை. அதாவது, தரத்தைக் குறிப்பதாக இன்று கருதப்படும் அவ்வெண் பிறப்பிலேயே விலையின் விகிதமாகும். விலைகள் பின்னர் அவ்விகிதத்தைக் கடந்து சென்றன. எனினும் எண் நிலைத்துவிட்டது. 1986 இல் புரொபெஷனல் கொயின் கிரேடிங் சேர்விஸ் நிறுவனமும் 1987 இல் நியூமிஸ்மாற்றிக் கராண்டி கோப்பறேஷனும் இப்பணியைத் தொடங்கின. காசைப் பரிசோதித்து, எண் வழங்கி, ஒளிபுகும் பிளாத்திக்கு உறையில் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புதல் இவற்றின் முறையாகும்.

இதன் விளைவு யாது? காணாத இருவரும் எண்ணை நம்பிப் பேரம் பேச முடிகின்றது. போலிகளிடமிருந்து வாங்குவோனுக்குப் பாதுகாப்புக் கிடைக்கின்றது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின், முன்னர் நெருப்பும் நீருங் கொண்டு தானே சோதித்தவன் இப்போது கடல் கடந்த தீர்ப்புக்காகக் காத்திருக்கின்றான். காசு மீண்டு வரும்போது அதைத் தொட முடியாது. உறையை உடைத்தால் எண்ணின் உத்தரவாதமும் போய்விடும். முதற்காசின் நினைவில் மகிழ்ச்சியோடு ஒருவகை அந்நியத்தன்மையும் கலந்திருப்பதற்குக் காரணம் இதுவே எனலாம்.

3

உயர்ந்த எண் பெறுவது எது? சுற்றோட்டத்துக்கு வராத காசு. வெளிப்படையாகக் கூறின், உழைப்பவனின் கை படாத காசு. கிழக்குக் கரையின் நெற்செய்கைச் சமூகத்தில் போடியார், முல்லைக்காரர், வயற்காரர் என்ற உறவுகள் நிலவின. விளைச்சலின் பங்கு பெரிதும் நெல்லாகவே அளக்கப்பட்டது. வயற்காரனை அடைந்த சில்லறை அன்றே கடைக்குப் போயிற்று. காசு தேயாமல் பெட்டகத்தில் உறங்குவதற்கு உபரி வேண்டும். ஆகவே உயர்தரக் காசு ஒவ்வொன்றும், சேமிக்க இயன்ற ஒரு வர்க்கத்தின் சான்றாகவும் அமைகின்றது. தேய்ந்த காசோ சந்தையின், கூலியின், கடனின் சான்றாகும்.

இக்கரையின் முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலவுவதும், திருமணத்தின்போது வீடும் நகையும் மகளுக்கே சேர்வதும் ஆய்வாளர் அறிந்தவை. இச்சூழலில் பொற்காசு பெண்வழிச் சொத்தாயிற்று. பிரித்தானியப் பொற்காசின் பெயர் நகைக்கடையில் எட்டுக் கிராமைக் குறிக்கும் ‘பவுண்’ என்ற அளவாகவும் நிலைபெற்றது. துளையிட்டோ வளையம் பற்றவைத்தோ மாலையிற் கோத்த காசைத் தரநிர்ணயக்காரர் எவ்வாறு மதிப்பர்? எண் வழங்காது, சேதமுற்றது என்ற குறிப்போடு திருப்புவர். புளியிட்டுத் துலக்கிய செப்புக்காசுக்கும் அதுவே கதி. துளை, ஒரு தாய் தன் மகளுக்கு வழங்கிய பாதுகாப்பின் அடையாளம். துலக்கல், ஒரு வீட்டின் பராமரிப்பு. சந்தையின் மொழியில் இரண்டும் பழுதுகள்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் இவ்வூர்களை அழித்தபோது வீடுகளோடு இத்தகைய சான்றுகளும் அள்ளுண்டு போயின. எஞ்சியவற்றைப் பதிவுசெய்தல் அவசரமான பணியாகும். காசின் உலோகம், ஆண்டு, எடை என்பவற்றுடன் அதை வைத்திருந்தவர் யார், எப்போது துளையிடப்பட்டது, எந்த நெருக்கடியில் அடகு வைக்கப்பட்டது என்பனவும் எழுதப்படல் வேண்டும். தரநிர்ணய உறை காசின் மேற்பரப்பைக் காக்கும். அதன் வரலாற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. எழுபதில் ஓர் எண்ணைக்கூடப் பெறாத காசுகளிலிருந்தே அப்பணி தொடங்க வேண்டும்.