வாழைக்கு அறுபது கிரே

வாழைப்பழத்தைக் கடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை, ஆகாமல் நின்றுபோனவை. நாம் உண்ணும் பெரும்பாலான ரகங்களில் குரோமோசோம்கள் மும்மூன்றாக இருக்கின்றன. மூன்றைச் சரிபாதியாகப் பங்கு போட முடியாதே! அதனால் விதை பிடிப்பதில்லை. சாப்பிடுகிறவருக்கு இது வரம், புது ரகம் எடுக்க நினைப்பவருக்குத் தலைவலி. நெல்லில் இரண்டு ரகங்களைக் கலந்து மூன்றாவதை எடுக்கலாம். வாழையில் தாய்க்கட்டையிலிருந்து பக்கக்கன்று, அதிலிருந்து இன்னொரு கன்று. எல்லாம் ஒரே செடியின் நகல்.

ஒரு நகலைக் கொல்லும் நோய் எல்லா நகல்களையும் கொல்லும். உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷெல் ரகத்தை 1960-களுக்குள் பனாமா வாடல் நோய் துரத்திவிட்டது. அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். அதையும் சாய்க்கும் டிஆர்4 பூஞ்சை தைவானில் தலைகாட்டி, 2019-ல் கொலம்பியாவை எட்டியது.

கலப்புக்கு வழியில்லை என்றால் வேறென்ன செய்வது? தற்செயலை நம்பலாம். வாழை விவசாயம் எப்போதும் அதைத்தான் நம்பி வந்திருக்கிறது. தோட்டத்தில் ஏதோ ஒரு கன்று மட்டும் குட்டையாக நிற்கும். கண்ணில் பட்டவர் அதைத் தனியே எடுத்து நடுவார். நாம் 'ஜி9' என்று வாங்கும் கிராண்ட் நைன்கூட கேவண்டிஷ் குடும்பத்தில் இப்படித் தானாக மாறியதுதான்.

இந்தத் தற்செயலை அவசரப்படுத்த முடியுமா? எக்ஸ் கதிரால் முடியும் என்று 1927-ல் பழ ஈயில் ஹெர்மன் முல்லரும், 1928-ல் பார்லியில் லூயிஸ் ஸ்டாட்லரும் காட்டினார்கள். பயிர் மேம்பாட்டுக்கு இது உதவும் என்று ஸ்டாட்லரே பெரிதாக நம்பவில்லை. கதிர் குருட்டாம்போக்கில் அடிக்கும், பெரும்பாலும் கெடுக்கும். ஆனால் ஹிரோஷிமாவுக்குப் பிறகு அணுவுக்கு ஒரு நல்ல முகம் தேவைப்பட்டது. 1953-ல் ஐஸனோவரின் 'அமைதிக்கான அணு' உரை, 1957-ல் சர்வதேச அணுசக்தி முகமை, 1964-ல் உணவு வேளாண்மை அமைப்புடன் அதன் கூட்டுப் பிரிவு. உலகெங்கும் விதைகள் கதிருக்கு முன் வைக்கப்பட்டன. இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட ரகங்கள் வந்துவிட்டன. அவற்றில் வாழையை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன்? கதிரில் வைக்க வாழைக்கு விதை ஏது? குருத்தில் கதிர் பட்டால் சில செல்கள் மாறும், பக்கத்துச் செல்கள் மாறாது. ஒரே செடிக்குள் இரண்டும் கலந்து நிற்கும். ஒரு மரபணு மாறினாலும் மற்ற இரண்டு பிரதிகள் அதை மறைத்துவிடும்.

திசு வளர்ப்பு வந்தபிறகே வழி திறந்தது. 1980-களில் வியன்னாவுக்கு அருகே ஸைபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தில் பிரான்டிசெக் நோவாக் குழுவினர், குப்பியில் வளர்ந்த கிராண்ட் நைன் குருத்து நுனிகளுக்குக் காமாக் கதிர் கொடுத்தார்கள். பிறகு வெட்டி, வளரவிட்டு, மறுபடி வெட்டி, கலந்து நின்ற செல்கள் பிரியும்வரை இதே வேலை. 60 கிரே வாங்கிய ஒன்று தாயைவிட முன்னதாகப் பூத்தது. (மனிதர் 10 கிரேயிலேயே பிழைக்க மாட்டார்.) 1990-களில் அது மலேசியாவில் 'நோவாரியா' என்று வெளிவந்தது. அதில் கதிர் எதுவும் தங்கியிருக்காது, மரபணுவில் விழுந்த மாற்றம் மட்டுமே தங்கும்.

இத்தனை பாடும் கொஞ்சம் முன்னால் பூப்பதற்கா? விவசாயிக்கு அது சின்ன விஷயமில்லை. தார் போட்ட நேரத்தில் ஒரு பேய்க்காத்து அடிச்சா தோட்டமே படுத்துடும். மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்தே கைக்காசு கரையும். பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கி, 2025-ல் அறிவித்த 'காவேரி வாமன்' அதற்கான பதில். கிராண்ட் நைனிலிருந்து காமாக் கதிரால் வந்தது. சுமார் ஒன்றரை அடி குட்டை, அறுவடையும் முந்தி வரும்.

குட்டையும் முன்பூப்பும் கண்ணுக்குத் தெரியும். நோயைத் தாங்கும் குணம் தெரியாது. தைவான் வாழை ஆராய்ச்சி நிலையம் கதிரையே நாடாமல், திசு வளர்ப்பில் தானாக மாறிய கன்றுகளை நோய் பிடித்த மண்ணிலேயே நட்டது. செத்தவை போக நின்றவற்றைப் பொறுக்கியது. டிஆர்4-ஐ ஓரளவு தாங்கும் 'ஃபார்மோசானா' அப்படி வந்ததுதான். கதிர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்த மண்ணில் கன்றுகளைச் சாகவிட்டுப் பார்க்கும் வேலைக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது.