ஃபாரடே ஏற்றிய மெழுகுவர்த்தி

பள்ளியில் நாமெல்லாரும் இந்த அட்டவணையை எழுதியிருப்போம். இடதுபக்கம் இயற்பியல் மாற்றம்: பனிக்கட்டி உருகுதல், காகிதம் கிழிதல். வலதுபக்கம் வேதியியல் மாற்றம்: இரும்பு துருப்பிடித்தல், பால் தயிராதல், விறகு எரிதல். அடியில் ஒரு விதி: முதலாவது மீளும், இரண்டாவது மீளாது. கிழித்த காகிதத்தை யார் மீட்டார்கள் என்று அந்த அட்டவணையிடம் யாரும் கேட்பதில்லை. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கும். இரண்டு சொட்டு தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். அது வேதியியல் மாற்றம், ஆனால் மீண்டுவிடுகிறது. விதி இரண்டு பக்கமும் ஓட்டை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அதையே சொல்லிக்கொடுக்கிறோம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மைக்கேல் ஃபாரடேதான் ஞாபகத்துக்கு வருவார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகள் 1825இல் தொடங்கின. 1860 டிசம்பர் இறுதியில் தொடங்கி, தன் 69ஆவது வயதில், அவர் அங்கே கடைசித் தொடராக ஆறு விரிவுரைகளை ஆற்றினார். பொருள், ஒரு மெழுகுவர்த்தி. 1848இலும் இதே பொருளைப் பேசியவர்தான், சலிக்கவில்லை போலிருக்கிறது. வில்லியம் குரூக்ஸ் அவற்றைத் தொகுத்து 1861இல் புத்தகமாக்கினார்.

ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியபோது கைக்கு வந்தவற்றைப் படித்தார். அதில் ஒன்று ஜேன் மார்செட் 1806இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல்கள். ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்ளும் புத்தகம் அது. வேதியியல் அவருக்கு முதலில் கேள்வியும் பதிலுமாகவே வந்து சேர்ந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

விரிவுரையில் அவர் வரையறையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மெழுகுவர்த்தியை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினார். பிறகு ஏற்றினார். மெழுகு உருகி மேலே ஒரு சின்னக் கிண்ணம் உண்டாகிறதே, அது ஏன் வழிந்துவிடவில்லை? சுடரின் சூட்டில் மேலேறும் காற்று பக்கங்களைக் குளிரவைத்து விளிம்பைக் காப்பாற்றுகிறது. உருகிய மெழுகு திரிக்குள் எப்படி ஏறுகிறது? ஒரு தட்டில் உப்பைத் தூணாக நிறுத்தி, அடியில் நீலநிறத் திரவத்தை ஊற்றினார். நிறம் தூணில் ஏறியது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் திரவம்: வெறும் தண்ணீர் இல்லை, இனி உப்பே கரையாத அளவுக்கு உப்பு நிறைந்த கரைசல். பிள்ளைகள் கரைவதையும் ஏறுவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாதாம்.

சுடரின் நடுவே இருக்கும் கருத்த பகுதிக்குள் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மெழுகின் ஆவியை வெளியே இழுத்து, மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். அதுவரைக்கும் மெழுகு மெழுகுதான்: கட்டி, திரவம், ஆவி. கொளுத்திய இடத்துக்குப் பிறகு மெழுகு இல்லை. ஐஸும் உப்பும் நிரப்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார். அடியில் நீர்த்துளிகள் கோத்தன. பொட்டாசியத் துணுக்கு பட்டதும் பற்றிக்கொண்டு, அது தண்ணீரேதான் என்று காட்டியது. சுடரிலிருந்து வந்த காற்று தெளிந்த சுண்ணாம்புநீரைப் பால்போல ஆக்கியது. நம் மூச்சும் அதையே செய்யும் என்றும் ஊதிக் காட்டினார்.

ஒரே மெழுகுவர்த்தியில் இரண்டு மாற்றமும் நடக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மீளுமா மீளாதா என்பது கேள்வியே இல்லை. புதுப்பொருள் வந்ததா என்பதுதான் கேள்வி. மெழுகுவர்த்தி நம் பாடப்புத்தகங்களுக்கும் வந்துசேர்ந்தது, ஆனால் ஒற்றை வரியாக.

ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சார், உப்பு தண்ணில கரையறது எந்தப் பக்கம் வரும்?" இடதுபக்கம் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பிரான்சில் பெர்த்தோலே கரைதலையும் வேதியியல் சேர்க்கையாகவே பார்த்தார். சேரும் அளவு மாறிக்கொண்டே போகலாம் என்றார். பிரௌஸ்ட் மறுத்தார். மண்ணில் கிடைத்த செம்பு கார்பனேட்டிலும் தான் தயாரித்ததிலும் செம்பின் விகிதம் ஒன்றே என்று 1799இல் நிறுத்துக் காட்டினார். உப்புக்கரைசலுக்கு அப்படி நிலையான விகிதம் கிடையாது. அதனால் கரைசல் ஒரு பக்கம், சேர்மம் ஒரு பக்கம் என்று பிரிந்தது. அவளிடம் இந்தச் சண்டையைத்தான் சொன்னேன். "அப்போ அவங்களுக்கும் தெரியலையா சார்?" என்று கேட்டுவிட்டு, டம்ளரில் இன்னொரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினாள்.